மத்தியானத்தில் பெருத்த குமிழ்கள்

1. குமிழ் போக்கும் வேலை

குமிழ் செய்யும் வேலைக்கு என்று சேர்ந்த முதல் நாளில், காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை நான் செய்தது குமிழ் போக்குகிற வேலை.

ஹட்டனிலிருந்து றொசல்லப் பக்கம் போகிற பாதையில், தேயிலைத் தோட்டத்து உதவி மேலாளர் குடியிருந்த பழைய சின்னதுரை பங்களா ஒன்று பூட்டிக் கிடந்தது. கலாநிதி தில்லைநாதன் அதைக் குத்தகைக்கு எடுத்து ஆய்வுக்கூடம் ஆக்கியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஹட்டனில் நான் கம்பியூட்டர் வகுப்புக்குப் போன இடத்தில் அவருடைய விளம்பரம் ஒட்டியிருந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த ஒருவர் தேவை என்று மட்டும் இருந்தது.

நான் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். உயர்தரம் இரண்டு முறை எழுதியும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து புளிக்கவைக்கும் அறையில், மணிக்கொரு தடவை சூடும் ஈரப்பதமும் பார்த்து எழுதும் வேலை செய்தேன்.

முதல் நாள் தில்லைநாதன் சேர் என் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைத் தந்தார். பீடிஎம்எஸ் என்று ஒரு பிசின். தேன் மாதிரி இருக்கும். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு இறுகுமருந்து ஊற்றிக் கலக்க வேண்டும். கலக்கக் கலக்கக் கோப்பை முழுக்க காற்றுக் குமிழ் ஏறி வெள்ளையாகிவிடும். அதை வெற்றிடப் பெட்டிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சினால் குமிழெல்லாம் மேலே வந்து உடையும். ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. மிஞ்சிய குமிழ் வாய்க்கால் பக்கத்தில் அகப்பட்டால் அந்த வார்ப்பு முழுவதும் குப்பை. அன்று நான் ஏழு வார்ப்பு ஊற்றினேன். ஆறு குப்பைக்குப் போயின.

"பரவாயில்லை. நான் பழகேக்க பதினைஞ்சு போட்டுத்தான் ஒண்டு சரிவந்தது," என்றார் சேர்.

அச்சில் ஊற்றி, அடுப்பில் அரைவேக்காடாக இறுகவைத்து உரித்தெடுத்தால், கண்ணாடி போலத் தெளிவான ரப்பர்த் துண்டு வரும். அதை இன்னொரு அரைவேக்காட்டுத் தகட்டின்மேல் ஒட்டி மறுபடி சுட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்; அதைத்தான் டிவைஸ் என்போம். அதற்குள்ளே தலைமயிரைவிட மெல்லிய வாய்க்கால்கள் ஓடும். நடுவாய்க்காலில் நைட்ரஜன் வாயு வரும். இரண்டு பக்கத்திலிருந்தும் கிளிசரினும் சவர்க்காரப் பொருளும் கலந்த தண்ணீர் வரும். மூன்றும் ஒரு குறுகிய கழுத்தில் சந்திக்கும். அங்கே இரண்டு பக்கத் தண்ணீரும் வாயுவை நெருக்கி, நூலாக இழுத்து, ஒவ்வொரு துண்டாக அறுத்துவிடும். ஒவ்வொரு துண்டும் ஒரு குமிழ். ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கில் வரும்.

இரண்டாவது வாரம்தான் மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவாக இருந்ததால் அவை தாமாகவே வரிசை பிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு என்று, தேனடை போல அடுக்காக அமைந்தன. நான் கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"இது எதுக்குங்க சேர்?" என்று கேட்டேன்.

"வயித்துக்க பிள்ளையைப் பாக்கிற ஸ்கேன் மெசின் தெரியும்தானே? அது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேக்கிறது. குமிழ் எல்லாம் ஒரே அளவெண்டால் ஒரே மாதிரித்தான் எதிரொலிக்கும். அதை வைச்சு மெசின் சரியாப் பாக்குதோ எண்டு சோதிக்கலாம். பெருசும் சின்னனும் கலந்திருந்தால் ஒண்டும் விளங்காது. அஞ்சாறு வருசத்தில ரத்தத்துக்க விடுற அளவுக்குச் சின்னனாச் செய்யலாம். இப்ப ஐம்பது மைக்ரோன், ஒரு மில்லிமீற்றரில இருபதில ஒண்டு, போதும்."

கொழும்பில் ஒரு மருத்துவ பீடம் இந்த வேலையில் ஆர்வம் காட்டியிருந்தது. நாள் முழுவதும் ஐம்பது மைக்ரோனில் மாறாமல் குமிழ் தர முடியுமானால் அவர்கள் எங்களோடு சேர்வார்கள். முடியாவிட்டால் பங்களாவின் குத்தகை முடிவதோடு கூடத்தையும் மூடவேண்டியதுதான். சேருக்கு வெளிநாட்டில் வேலை காத்திருந்தது. எனக்குப் புளிக்கவைக்கும் அறை காத்திருந்தது.

2. பிற்பகல் இரண்டு மணி

சிக்கல் இதுதான். ஒரு படத்துக்குள் பார்த்தால் எல்லாக் குமிழும் ஒரே அளவு. ஆனால் காலை எட்டு மணிப் படத்தில் ஐம்பது மைக்ரோன் என்றால், பிற்பகல் இரண்டு மணிப் படத்தில் ஐம்பத்துநான்கு. வாயுவின் அழுத்தம் அதே அழுத்தம், தண்ணீரைத் தள்ளும் சிரிஞ்ச் பம்பின் வேகமும் அதே வேகம். நான் எதையும் தொடவில்லை.

சேர் வாயுச் சிலிண்டரின் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்பட்டார். கொழும்பிலிருந்து வேறொன்று வரவழைத்தார். அதிலும் ஐம்பத்துநான்கு வந்தது. மூன்றாவதாக ஒன்று மாட்டினார்; அதே அளவுதான். அவர் ஒருநாள், கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகச் சொன்னார்: "ராணி, நீர் இடையில ஏதும் திருகுறீரோ?"

"இல்லீங்க சேர்."

"கவனமாப் பாரும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை அதையே நினைத்தேன். பிழை என் கையில்தான் என்று எனக்கு நானே முடிவு கட்டிவிட்டேன். என்னை நிறுத்திவிட்டுக் கொழும்பிலிருந்து ஒரு பட்டதாரியைக் கொண்டுவருவார் என்று பயந்தேன்.

அடுத்த நாள் நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் எடுக்கவேண்டிய படங்களைவிடக் கூடுதலாகச் சில எடுத்தேன். பிற்பகல் ஐம்பத்துநான்கு வந்தபோது அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டு, காலைப் படங்களில் சிலவற்றின் பெயரைப் 'பிற்பகல் இரண்டு' என்று மாற்றினேன்; பத்து, பன்னிரண்டு, நான்கு மணிப் படங்களுக்கும் அப்படியே.

சேர் பார்த்தார். "ஆ, இண்டைக்கு நல்லா வந்திருக்கு," என்றார்.

பன்னிரண்டு வேலைநாள் இப்படியே செய்தேன். ஒதுக்கிய படங்களை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. ஸ்டோரில் எழுதியதைக் கிழித்தால் அங்கே பொறுப்பாக இருக்கிற டீமேக்கர் ஐயா சும்மா விடமாட்டார். அந்தப் பழக்கமாக இருக்கலாம். கம்பியூட்டரில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, எடுத்த நாளையும் நேரத்தையும் பெயராகக் கொடுத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவைத்தேன்.

3. என் பெயர்

பதின்மூன்றாம் நாள் காலையில் சேர் சந்தோஷமாக இருந்தார். கொழும்புக்கு முதல் அறிக்கையை முந்தின நாள் மாலை அனுப்பிவிட்டதாகச் சொல்லி, அச்சடித்த பிரதியை என்னிடம் நீட்டினார். நாள் முழுவதும் அளவு மாறவில்லை என்று அதில் எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் அவருடைய பெயர் இருந்தது. அதற்குக் கீழே என்னுடைய பெயர்.

"எல்லாம் நீர் எடுத்த படங்கள்தானே. உம்மட பெயர் வரத்தானே வேணும்," என்றார்.

என் பெயர் இங்கிலிஷில் அச்சாகி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கூட்டுறவுக் கடைக் கார்டில்கூட அப்பா பெயர்தான் இருக்கும். அந்தத் தாளை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"சேர், இது பொய்ங்க," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. நான் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. படங்களுக்குப் பெயர் மாற்றியதை, எத்தனை நாள் என்பதை, எதற்குப் பயந்தேன் என்பதை எல்லாம் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கொஞ்ச நேரம் வெளியில நில்லும்," என்றார்.

வராந்தாவில் போய் நின்றேன். கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் கூடைகளோடு பங்களாவைக் கடந்து போனார்கள். ஒருத்தி, "என்ன ராணி, சும்மா நிக்கிற?" என்று கேட்டாள். வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரம் கழித்துச் சேர் கதவைத் திறந்தார்.

"அந்தப் பின்னேரப் படங்கள். அழிச்சுப்போட்டீரோ?"

"இல்லீங்க சேர். வச்சிருக்கேன்."

"எல்லாமோ?"

"எல்லாமே இருக்குங்க. நாளும் நேரமும் போட்டு வச்சிருக்கேன்."

"வாரும். காட்டும்," என்றார்.

4. மழை பெய்த நாள்

எல்லாப் படங்களையும் அச்சடித்து ஹால் தரையில் பரப்பினோம். பலகைத் தரை. சேர் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை. இடமிருந்து வலமாக நேரம். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவைச் சிவப்புப் பேனையால் எழுதினேன்.

தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாதது அப்போது தெரிந்தது. அளவு ஏதோ ஒரு நேரத்தில் தாவி ஏறவில்லை. எட்டு மணிக்கு ஐம்பது, பத்துக்கு ஐம்பத்தொன்று, பன்னிரண்டுக்கு ஐம்பத்துமூன்று, இரண்டுக்கு ஐம்பத்துநான்கு, பிறகு நான்கு மணிக்கு மறுபடி ஐம்பத்திரண்டு. கை தவறியிருந்தால் இப்படி ஒழுங்காக ஏறி இறங்காது.

"ஒரு வரிசை மட்டும் வித்தியாசம்," என்றார் சேர். ஏழாவது நாள். அன்று காலையும் ஐம்பது, மத்தியானமும் ஐம்பது. அன்று நான் அளந்துகூடப் பார்க்காமல் பெயர் மாற்றியதே வீண்.

"அண்டைக்கு என்ன செய்தனீர்? வேற டிவைஸோ?"

நான் யோசித்தேன். "அதே டிவைஸ்தாங்க. அன்னைக்கு விடாம மழைங்க சேர். இருட்டிக்கிட்டு இருந்திச்சு. பகல்லயே லைட்டு போட்டுத்தான் வேல செஞ்சேன். குளிருக்கு ரெண்டு சுவெட்டர் போட்டிருந்தேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பங்களாவின் மேலே இருந்தது தகரக்கூரை. காலையில் விரல் விறைக்கும், மத்தியானம் வெயில் அடித்தால் சுவெட்டரைக் கழற்றவேண்டும். ஸ்டோரில் மூன்று வருடமும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தானே தாளில் எழுதினேன். எட்டுக்கு ஏற ஆரம்பித்து, இரண்டுக்கு உச்சிக்குப் போய், நாலுக்கு இறங்கும். மழை நாளில் அசையாது.

"சேர், இது சூடுங்க," என்றேன். "ஸ்டோர்ல நான் எழுதின தாளும் இப்படியேதாங்க இருக்கும்."

சேர் தரையிலிருந்து எழும்பவில்லை. "கிளிசரின்," என்றார், தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பினார். "சூடு ஏறினால் கிளிசரின் தண்ணி இளகும். இளகின தண்ணி வாயுவை மெதுவா அறுக்கும். அறுக்கிறதுக்கிடையில குமிழ் கொஞ்சம் கூட ஊதிப்போடும். மூண்டு ரெகுலேட்டர் போட்டுப் பாத்தனான். சுவரில ஒரு தெர்மோமீற்றர் மாட்டேல்லை."

நிச்சயப்படுத்திக்கொள்ள அடுத்த நாள் காலையிலேயே ஒரு சோதனை செய்தோம். பங்களா விறைத்துக் கிடந்த எட்டு மணிக்கு, சிரிஞ்சையும் குழாயையும் டிவைஸையும் சுற்றி வெந்நீர்ப் பைகளை வைத்தேன். இருபது நிமிடத்தில் குமிழ் ஐம்பத்துநான்குக்குப் போனது. பைகளை எடுத்ததும் இறங்கியது. சேர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, முதன்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் அன்றே கொழும்புக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அனுப்பிய அறிக்கை தவறு, படங்கள் மாற்றப்பட்டிருந்தன, காரணம் இப்போது தெரிந்துவிட்டது என்று எழுதினார்.

"சேர், என் பேர எடுத்திருங்க," என்றேன்.

"பெயரை எடுக்கிறது லேசு. மாத்தினதும் நீர், வந்து சொன்னதும் நீர், காரணத்தைக் கண்டதும் நீர். மூண்டையும் எழுதுறன். பிறகு அவையள் யோசிக்கட்டும்."

5. முட்டையில்லாத பெட்டி

கொழும்பிலிருந்து நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. சோதிப்பதற்கு முன்பே குறித்த தேதியில் வருவோம் என்று ஒரே வரி. எங்களுக்கு இருந்தது இரண்டு வாரம்.

அறையைக் குளிராக்க எங்களிடம் வழியில்லை. ஆனால் சூடாக்கலாம். ஒருநாளில் மிகச் சூடான நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவான சூட்டில், சிரிஞ்சையும் டிவைஸையும் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால், வெளியே வெயிலோ மழையோ உள்ளே ஒன்றுதான். அறையின் சூடு இருபத்தாறு பாகையைத் தாண்டவில்லை. நாங்கள் இருபத்தெட்டு என்று வைத்துக்கொண்டோம். அந்தச் சூட்டில் ஐம்பது மைக்ரோன் வரும்படி வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

மீன் கொண்டுவரும், சூடு கடத்தாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கழுவி, சூட்டுக்கு உள்ளே ஒரு பல்பு மாட்டினேன். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு ஹட்டன் டவுனில் நிஸ்தார் நானாவின் கடைக்குப் போனேன். மின்சாரச் சாமான்களும், கோழி வளர்க்கிறவர்களுக்கான சாமான்களும் வைத்திருப்பார்.

"எத்தன முட்டக்கி?" என்று கேட்டார்.

"முட்டைக்கு இல்ல நானா. குமிழுக்கு."

"என்னத்துக்கு?"

முடிந்தவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, குஞ்சு பொரிக்கும் பெட்டியின் தெர்மோஸ்டாட் ஒன்றை எடுத்துவந்தார். "இது முப்பத்தேழரைல நிக்கிற சாமான். இருவத்தெட்டுக்கு எறக்கினா ஒரு குஞ்சும் வராது."

"வர வேணாம் நானா."

அவர் சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய கம்பியூட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன ஃபேனையும் கொண்டுவந்து வைத்தார். "இதையும் உள்ளுக்குப் போடுங்க புள்ள. காத்து சுத்தாட்டி மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடு. முட்டைக்கே அது சரிவராது."

அந்த ஃபேன் இல்லாவிட்டால் நாங்கள் தோற்றிருப்போம். முதலில் அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது பெட்டியின் மேலுக்கும் கீழுக்கும் மூன்று பாகை வித்தியாசம் இருந்தது. மாட்டியபிறகு அரைப் பாகைகூட இல்லை. ஆனால் அதன் அதிர்வில் படம் கலங்கியது. சைக்கிள் டியூபை வெட்டி நான்கு மூலைக்கும் மெத்தை வைத்தபிறகுதான் சரியானது. அதற்கு மட்டும் மூன்று நாள் போனது.

6. சோதனை நாள்

கொழும்பிலிருந்து வந்தவர் டொக்டர் குமுதினி. ஐம்பது வயதுச் சிங்களப் பெண்மணி. சேருடன் இங்கிலிஷிலும் என்னுடன் சிங்களத்திலும் பேசினார். அன்று நல்ல வெயில். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அவர் கையாலேயே படம் எடுத்தார். அளவையும் அவரே பார்த்தார். எங்களை மேசைப் பக்கமே விடவில்லை.

இரண்டு மணிப் படத்தை எடுத்துவிட்டு அளவை இரண்டு தடவை பார்த்தார். தகரக்கூரை வெயிலில் முறுகிச் சத்தம் போட்டது.

"ஐம்பது," என்றார். "ஐம்பதேதான்."

நான்கு மணிக்கும் அதுவே வந்தது. தேநீர் குடிக்கும்போது அவர் என்னிடம், "படங்களை மாற்றியது நீங்கள்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம் டொக்டர்."

"அந்தப் பழைய படங்களில் எனக்கு ஒரு செட் வேண்டும். எங்கள் மாணவர்களுக்குக் காட்ட." கோப்பையை வைத்துவிட்டு, "உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன்," என்றார்.

"சொன்னாலும் பரவாயில்லை டொக்டர்," என்றேன். அப்படிச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அவர்கள் எங்களோடு சேர்ந்தார்கள். கூடம் மூடப்படவில்லை.

7. கொழும்பில்

அடுத்த வருடம் அவர்களுடைய ஸ்கேன் அறையிலேயே குமிழ் செய்து காட்ட எங்களைக் கூப்பிட்டார்கள். சேருக்குக் காய்ச்சல். நான் தனியாகத்தான் போனேன். ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனில் ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் பொருத்தி, முதல் படம் எடுத்தேன். அளவு தப்பு. ஐம்பதிலிருந்து வெகுதூரம். அறையில் ஏசி பழுது. தெர்மோமீற்றரைப் பார்த்தால் முப்பத்தொன்று. இருபத்தெட்டுக்கு வைத்த பெட்டி சும்மா கிடந்தது. அதுபோக, மலையைவிடக் கீழே காற்றின் அழுத்தமும் கூடுதல். ஹட்டனில் கணக்குப் பார்த்து வைத்த எதுவும் அங்கே செல்லாது.

டொக்டர் குமுதினியோடு ஐந்தாறு பேர் பின்னால் நின்றார்கள். தமிழ் தெரிந்த ஒரு இளம் டொக்டர், "பிழையாகிவிட்டதா?" என்று கேட்டார்.

"இன்னும் சரியா வரல," என்றேன். "எழுதிக்கிறேன். அப்புறம் பாப்போம்."

புதுக் கொப்பியைத் திறந்து, முதல் பக்கத்தில், முதல் வரியில், அந்தத் தப்பான அளவை நேரத்தோடும் சூட்டோடும் எழுதினேன். பெட்டியை முப்பத்துநான்குக்கு ஏற்றினேன். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு அளவையும் அதே பக்கத்தில் கீழே கீழே எழுதிக்கொண்டு போனேன். பகல் சாப்பாட்டுக்கு முன் பதினெட்டு வரி ஆனது. பதினெட்டாவது வரியில் ஐம்பது.

அன்று பின்னேரம் ஸ்கேன் திரையில் எங்கள் குமிழ்கள் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரிந்தன. எல்லாரும் திரையைப் பார்க்க முன்னால் வந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். சரியாக வந்த அளவு நாம் நினைத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். தப்பாக வந்த அளவுதான் நமக்குத் தெரியாததைச் சொல்லும். அதை எழுதுவதற்குக் கை கூசும். கூசினாலும் எழுதிவிடுங்கள்.

இளம் டொக்டர் என் கொப்பியை வாங்கிப் புரட்டினார். அறிக்கைக்குக் கடைசி வரி மட்டும் போதுமா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "மொதல் வரியில இருந்து போடுங்க."